நாலு எழுத்துக்குள் ஒரு ஆள் அடங்குவாரா? வேலையிடத்து ஆளுமைச் சோதனைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

திருநெல்வேலிப் பக்கம் ஒருவரை "ஆள் நல்ல பெர்சனாலிட்டி" என்று சொன்னால் ஆறடி உயரம், அடர்ந்த மீசை, கசங்காத வெள்ளைச் சட்டை என்று அர்த்தம். "பெர்சனாலிட்டி டெவலப்மென்ட்" என்று போர்டு மாட்டிய வகுப்புக்குள் போனால் இங்கிலீஷில் தயங்காமல் பேசவும், கண்ணைப் பார்த்துக் கைகுலுக்கவும் சொல்லித்தருவார்கள். இலக்கியக் கூட்டத்தில் "ஆளுமை" என்றால் மேடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். ஒரே சொல் இப்படி மூன்று திசையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆபீஸில் ஒரு நாள் "டீம் ஒற்றுமைக்காக எல்லோரும் இந்தப் பெர்சனாலிட்டி டெஸ்டை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்" என்று மெயில் வந்தால் ஆளுக்கு ஒன்றாகத்தான் புரிந்துகொள்வார்கள். சிலர் பரீட்சை என்று பயப்படுகிறார்கள். சிலர் ராசிபலன் மாதிரி ஆசையாகப் படிக்கிறார்கள். இன்னும் சிலர், வேலைக்கு ஏதும் ஆபத்தோ என்று யோசித்து, மேலாளருக்குப் பிடித்த பதிலாகப் பார்த்துத் தட்டிவிடுகிறார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இந்தச் சோதனையை வைத்து ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கணக்குப் பிரிவில் இருந்த அக்காவுக்கு நீலம் வந்தது. அதாவது நிதானமானவர், கணக்கு வழக்கில் கறார், ஆட்களோடு அதிகம் ஒட்டாதவர். அதற்குப் பிறகு வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிற எந்த வேலைக்கும் அவரைக் கூப்பிடவில்லை. "நீங்க நீலம்லா, உங்களுக்குச் சரிப்படாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். அதே அக்கா தன் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதில் இருந்து மேளக்காரர், பந்தல்காரர், சமையல்காரர் எல்லோரிடமும் பேசி முடிப்பது வரை தனியாளாகச் செய்கிறவர். அந்த ஸ்டிக்கர் அவரை எவ்வளவு நோகடித்தது என்று பக்கத்து மேஜையில் இருந்து பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தச் சோதனைகள் எல்லாமே குப்பை என்று நான் நினைக்கவில்லை. சரியாகப் பயன்படுத்தினால், உடன் வேலை செய்கிறவர்களோடு பேச்சு எளிதாகும், தப்பாகப் பயன்படுத்தினால் ஒரு ஆளை மூடி வைத்துவிடும். எது எதனால் நடக்கிறது என்று தெரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

ஒரே வீட்டு அண்ணன் தம்பி. இரண்டு பேரும் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். மூத்தவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஜங்ஷனுக்கு வந்து, தன் பெட்டி எங்கே நிற்கும் என்று பார்த்து, தண்ணீர் பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இளையவர் வழியில் அல்வா வாங்க நின்று, தெரிந்தவரைப் பார்த்துப் பேச நின்று, ரயில் நகரும்போது ஓடி வந்து ஏறுவார். ஒரு தடவை நடந்தால் அது தற்செயல். ரயிலோ கல்யாணமோ கரண்ட் பில்லோ, பத்து வருஷமாக இப்படியேதான் என்றால் அது அவரவர் போக்கு. உளவியலில் ஆளுமை என்பது இதுதான்: ஒருவர் பல இடங்களில், பல நாட்களில், திரும்பத் திரும்ப யோசிக்கிற, உணர்கிற, நடந்துகொள்கிற விதம்.

இதோடு மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று திறமை. நாலு பேரோடு பேசப் பிடிக்கும் என்பது வேறு, நன்றாகப் பேசத் தெரியும் என்பது வேறு. இன்னொன்று அன்றைய மனநிலை: பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவர் அன்றைக்குச் சிடுசிடுத்தால் அது அவர் ஆளுமை இல்லை. மூன்றாவது நல்லவர் கெட்டவர் என்ற தீர்ப்பு. ரயிலுக்கு ஓடி வருகிற தம்பி கெட்டவன் இல்லை, ஒருவேளை ஊரில் ஒரு அவசரம் என்றால் முதலில் வந்து நிற்கிறவன் அவனாகக்கூட இருக்கலாம்.

அகராதியில் தொடங்கிய வேலை

சரி, போக்கை எப்படி அளப்பது? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, இதற்கு என்ன இருக்கிறது?

உளவியலாளர்கள் பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தமானது. மனிதர்கள் கூடி வாழும்போது எந்த வித்தியாசமெல்லாம் முக்கியமோ அதற்கெல்லாம் ஒரு சொல் வைத்திருப்பார்கள், ஆகவே சொற்களில் இருந்து தொடங்கலாம் என்று யோசித்தார்கள். நம் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள்: கறார், வெள்ளந்தி, வாயாடி, அழுத்தக்காரன், முன்கோபி, கமுக்கம், விட்டேத்தி, தாராளம், நச்சரிப்பு, ஊமைக்குசும்பு. டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இதில் பாதி காதில் விழும். அமெரிக்காவில் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதியைப் புரட்டி, ஆட்களை வேறுபடுத்திச் சொல்ல உதவும் கிட்டத்தட்ட 18,000 சொற்களைத் தொகுத்து 1936-இல் வெளியிட்டார்கள்.

18,000 சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கேதான் கணக்கு வருகிறது. பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். கணக்கில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகள் பெரும்பாலும் அறிவியலிலும் வாங்குகிறார்கள், தமிழில் வாங்குகிறவர்கள் வரலாற்றிலும் வாங்குகிறார்கள் என்றால், அந்த ஜோடிகளுக்கு அடியில் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஊகிக்கலாம். அதே மாதிரி ஆயிரக்கணக்கானவர்களிடம் "இந்தச் சொல் உங்களுக்கு, அல்லது உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு, எவ்வளவு பொருந்தும்?" என்று கேட்டு, எந்தச் சொற்கள் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன என்று பார்த்தார்கள். இப்படிச் சேர்ந்து நகர்கிறவற்றை ஒரே கட்டாகக் கட்டுகிற கணக்குக்குக் காரணிப் பகுப்பாய்வு என்று பெயர். 1961-இல் அமெரிக்க விமானப்படைக்காக எர்னஸ்ட் டியூப்ஸ், ரேமண்ட் கிறிஸ்டல் செய்த ஆய்வில் திரும்பத் திரும்ப ஐந்து கட்டுகள் வந்தன. பிறகு பலரும் செய்து பார்த்து அந்த ஐந்தே நிலைத்தது. ஐம்பெரும் பண்புகள் என்று சொல்வது இதைத்தான்.

அந்த ஐந்தில் முதலாவது புதுசைத் தேடும் மனம். பழகிய சொதியும் அவியலும் போதும் என்பாரா, பேர் தெரியாத கடைக்குள்ளும் நுழைவாரா என்பது போல. அடுத்தது பொறுப்புணர்வு, ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வருகிற அண்ணன். மூன்றாவது புறமுகம்: கூட்டம், பேச்சு, சத்தம் ஒருவருக்குத் தெம்பு தருகிறதா, களைப்பைத் தருகிறதா. நான்காவது இணக்கம், விட்டுக்கொடுப்பாரா, நின்று வாதாடுவாரா என்பது. ஐந்தாவது பதற்றம், ஒரு சின்னச் சிக்கல் மனசை எவ்வளவு நேரம் அரிக்கும் என்பது. இவை ஒவ்வொன்றும் ஒரு நீளமான கோடு. அந்தக் கோட்டில் எங்கேயோ ஒரு புள்ளியில் நாம் எல்லோரும் இருக்கிறோம். பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறார்கள், இரண்டு ஓரத்திலும் இருப்பவர்கள் குறைவு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆளுமை என்பது ஒருவரிடம் திரும்பத் திரும்பத் தெரிகிற போக்கு, அந்தப் போக்குகளைச் சொற்களில் இருந்து தொடங்கி ஐந்து கோடுகளாகச் சுருக்கியிருக்கிறார்கள், அந்தக் கோடுகளில் பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு வேண்டும்.

ரெடிமேட் சட்டையும் டெய்லர் டேப்பும்

ஆபீஸில் வருகிற சோதனைகள் பெரும்பாலும் இந்த ஐந்து கோட்டுச் சோதனை இல்லை. நாலு ஜோடிப் போக்குகளில் ஒவ்வொன்றிலும் நீங்கள் எந்தப் பக்கம் என்று ஒரு எழுத்தாக, மொத்தம் நாலு எழுத்துத் தருகிற எம்பிடிஐ (MBTI), நாலு வண்ணமாகவோ நாலு எழுத்தாகவோ பிரிக்கிற டிஸ்க் (DISC), இவைதான் பரவலாக ஓடுகின்றன.

எம்பிடிஐ பிறந்த கதையைக் கேட்டால் நம் ஊர் ஆட்களுக்கு உடனே புரியும். 1917 வாக்கில் அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மா, தன் மகள் இசபெல் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளையைப் பார்த்தார். தங்கள் வீட்டு ஆட்கள் யோசிப்பதற்கும் அந்தப் பையன் யோசிப்பதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மருமகனைப் புரிந்துகொள்ள நினைத்த மாமியாரிடம் இருந்து தொடங்கிய விஷயம் இது! பிறகு சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய கருத்துகளை எடுத்துக்கொண்டு, அம்மாவும் மகளும் சேர்ந்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், வேலைக்கு வருகிறவர்களுக்குப் பொருத்தமான வேலையைக் காட்ட உதவும் என்று இந்தக் கேள்வித்தாளை உருவாக்கினார்கள். இருவரும் உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. டிஸ்க்கின் அடிப்படை வில்லியம் மார்ஸ்டன் என்பவர் 1928-இல் சொன்னது; கேள்வித்தாளாக ஆக்கியது அவருக்குப் பின் வந்தவர்கள். இந்த மார்ஸ்டன்தான் 1941-இல் வந்த வொண்டர் வுமன் படக்கதைப் பாத்திரத்தையும் உருவாக்கியவர்.

எம்பிடிஐ மாதிரியான சோதனைகள் ஆட்களை வகைகளாகப் பிரிக்கின்றன. ஐம்பெரும் பண்புச் சோதனை அளவு சொல்கிறது. வித்தியாசம் என்னவென்றால், துணிக்கடையில் ரெடிமேட் சட்டைக்கு ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று அளவு இருக்கும், டெய்லரிடம் போனால் டேப்பை எடுத்து தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று எழுதிக்கொள்வார். ரெடிமேட் சட்டை சீக்கிரம் கிடைக்கும், சுலபமாக நினைவிலும் நிற்கும். ஆனால் ஒரு சிக்கல்.

165 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே இருப்பவர் "உயரம்", கீழே இருப்பவர் "குட்டை" என்று பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். 164 உள்ளவரும் 166 உள்ளவரும் பக்கத்தில் நின்றால் வித்தியாசமே தெரியாது, ஆனால் ஏட்டில் ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. 166 உள்ளவரும் 188 உள்ளவரும் ஏட்டில் ஒரே வகை. பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, வகை பிரிக்கிற சோதனை சரியாக அந்தக் கூட்டமான நடுவில்தான் கத்தி வைக்கிறது. இன்றைக்கு இரண்டு கேள்விக்குப் பதில் மாற்றிப் போட்டால் எழுத்தே மாறிவிடும். ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதச் சொன்னால் பாதிப்பேர் வரைக்கும் ஒரு எழுத்தாவது மாறி வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள் என்று எம்பிடிஐ பற்றிய ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த ஐந்து வாரத்தில் ஆள் மாறவில்லை, நடுவில் போட்ட கோட்டைத் தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

"அப்படியே என்னைச் சொல்லுதே!"

இத்தனை சிக்கல் இருந்தும் முடிவைப் படித்தவர்கள் "நூத்துக்கு நூறு நான்தான்" என்கிறார்களே, எப்படி?

இந்த வரியைப் படியுங்கள்: "நீங்கள் வெளியே கறாராகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் இளகிய மனசு. செய்த உதவிக்கு நன்றி எதிர்பார்க்காதவர், ஆனால் கண்டுகொள்ளாமல் போனால் வலிக்கும். முடிவெடுத்த பிறகு, சரியாகச் செய்தோமா என்று சில ராத்திரி யோசிப்பீர்கள்." பொருந்துகிறதா? இதை இப்போதுதான் நான் எழுதினேன், உங்களை எனக்குத் தெரியாது. யாருக்கு வாசித்தாலும் பொருந்தும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் "உங்களுக்கே உரிய முடிவு" என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதில் பெரும்பகுதி கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்தது. பொதுவான வரியைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொள்ளும் இந்தப் போக்குக்கு ஃபோரர் விளைவு என்று பெயர்.

ஆகவே "எனக்குப் பொருந்துகிறது" என்பது ஒரு சோதனை சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. முடிவுத்தாள் கையில் வந்தால், அதைப் பக்கத்தில் இருக்கும் வேறு வகைக்காரருடையதோடு மாற்றிப் படித்துப் பாருங்கள். அதுவும் உங்களுக்குப் பொருந்தினால் அந்தத் தாளில் பெரிதாக எதுவும் இல்லை.

தராசு சரியா, எடுத்த வேலை சரியா

பாளை மார்க்கெட்டில் ஒரு தராசு. அதே மாம்பழத்தை இப்போது வைத்தால் ஒரு கிலோ, ஐந்து நிமிஷம் கழித்து வைத்தால் ஒண்ணேகால் கிலோ காட்டினால் அந்தத் தராசை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். மறுபடி அளந்தாலும் ஒரே அளவு வருவதற்கு நம்பகத்தன்மை என்று பெயர். சரி, தராசு எத்தனை முறை வைத்தாலும் ஒரே எடை காட்டுகிறது. ஆனால் கடைக்காரர் அந்த எடையை வைத்து "இந்தப் பழம் இனிக்கும்" என்றால்? எடை சரிதான், எடையில் இருந்து இனிப்பைச் சொன்னதுதான் தப்பு. எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதை உண்மையில் அளக்கிறதா, எதற்குப் பயன்படுத்துகிறோமோ அதற்கு அந்த அளவு உதவுமா என்பது ஏற்புடைமை.

ஐம்பெரும் பண்புச் சோதனைகள் இந்த இரண்டிலும் வகை பிரிக்கிற சோதனைகளை விட நன்றாகத் தேறுகின்றன. அப்படியும் அதன் எல்லை தெரிய வேண்டும். பொறுப்புணர்வு அதிகம் உள்ளவர்கள் பலவகை வேலைகளிலும் சராசரியாகக் கொஞ்சம் நன்றாகச் செய்கிறார்கள் என்று 1991-இல் மர்ரே பாரிக், மைக்கேல் மவுண்ட் இருவரும் ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். முழுப் பொருத்தம் 1 என்றால் அந்த உறவு சுமார் 0.2 மட்டுமே. ஒரு நிறுவனம் ஆயிரம் பேரைப் பார்க்கும்போது இந்தக் "கொஞ்சம்" பயன்படலாம், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி முடிவுகட்ட இது போதாது. எம்பிடிஐயை வெளியிடுகிறவர்களே ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள், அதையும் மீறி நேர்முகத் தேர்வில் கேட்கிற இடங்கள் இருக்கின்றன.

ஒன்று மட்டும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன். முடிவுத்தாளில் "புறமுகம் 30" என்று இருந்தால் அது நூற்றுக்கு 30 மார்க் இல்லை, ஃபெயிலும் இல்லை. 100 பேரை வரிசையில் நிறுத்தினால் உங்களுக்குக் கீழே 30 பேர் இருப்பார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இதற்கு நூற்றுமானம் என்று பெயர். அந்த 100 பேர் யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வேறு நாட்டு ஆட்களோடு ஒப்பிட்டு வந்த எண்ணாக இருந்தால், வள்ளியூரில் வேலை செய்கிறவருக்கு அது என்ன சொல்லும்? கேள்விகளும் அப்படித்தான். "பார்ட்டிகளில் புது ஆட்களோடு பேசுவீர்களா?" என்று கேட்டால் பார்ட்டிக்கே போகாத எங்கள் கணக்குப் பிரிவு அக்கா "இல்லை" என்றுதான் போடுவார். "கோயில் கொடையில்?" என்று கேட்டிருந்தால் பதிலே வேறு.

மீட்டிங்கில் வாய் திறக்காதவர்

ஒரு இளைஞர் மீட்டிங்கில் பேசுவதே இல்லை. "அவன் அகமுகம், அப்படித்தான்" என்று, அதாவது கூட்டமும் பேச்சும் களைப்பைத் தருகிற ஆள் என்று, எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள். மீட்டிங் இங்கிலீஷில் நடக்கிறதா? போன தடவை அவர் சொன்ன யோசனையை எல்லோர் முன்னாலும் தட்டிவிட்டார்களா? அப்பா வயசில் இருக்கும் அண்ணாச்சி பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்த பையனா? சம்பளப் பாக்கி இருக்கிறதா? இதில் எதுவும் ஆளுமை இல்லை, எல்லாம் சூழ்நிலை. மனிதர்களின் நடத்தையில் சூழ்நிலைக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றி 1968-இல் வால்ட்டர் மிஷெல் என்ற உளவியலாளர் எழுப்பிய விவாதம் உளவியல் துறையையே உலுக்கியது. பல நாள் நடத்தையைச் சேர்த்துப் பார்த்தால் ஆளுமை தெரிகிறது, ஒரு நாள் ஒரு இடத்து நடத்தையை மட்டும் பார்த்தால் சூழ்நிலைதான் பெரும்பாலும் பேசுகிறது என்பதுதான் பிற்பாடு பலரும் வந்து சேர்ந்த இடம்.

அடுத்தவர் நடத்தைக்கு அவர் குணத்தைக் காரணம் சொல்லுவோம், நம் நடத்தைக்கு மட்டும் சூழ்நிலையைக் காரணம் சொல்லுவோம். அவர் தாமதமாக வந்தால் சோம்பேறி, நான் தாமதமாக வந்தால் வண்ணார்பேட்டையில் டிராஃபிக். எனக்கு இந்தச் சோதனைகளில் இருக்கும் பெரிய பயமே இதுதான். ஏற்கெனவே நமக்கு இருக்கும் இந்த வழக்கத்துக்கு அது ஒரு சான்றிதழ் அடித்துக் கொடுத்துவிடுகிறது. வேலைப் பங்கீடு தெளிவாக இல்லாததும், மேலாளர் கத்துவதும், ஆள் பற்றாக்குறையும் "ஆளுமை மோதல்" என்ற பெயரில் மறைந்துபோகின்றன.

இங்கே நிறுத்தி ஒருமுறை சேர்த்துப் பார்த்தால்: வகையை விட அளவு மேல், "பொருந்துகிறது" என்ற உணர்வை நம்ப முடியாது, எண் யாரோடு ஒப்பிட்டு வந்தது என்று கேட்க வேண்டும், நடத்தைக்குச் சூழ்நிலை காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு இந்தச் சோதனை எதற்குத்தான் உதவும்?

முட்டுக்கட்டை போடுகிறவர்

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள் இருப்பார்கள், கூட்டத்தின் கண்ணெல்லாம் அவர்கள் மேல். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில், கையில் கட்டையோடு, குனிந்தபடியே கூட நடக்கிற சிலரும் இருப்பார்கள். தேர் வேகம் எடுத்தால் கட்டையைப் போட்டு நிறுத்துவதும், ரதவீதி முக்கில் எந்தச் சக்கரத்துக்கு எப்படிக் கட்டை கொடுத்தால் தேர் திரும்பும் என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. வடம் பிடிக்கிறவர்கள் மட்டும் இருந்தால் தேர் நேரே போய்ச் சுவரில்தான் நிற்கும். ஆனால் பேச்சில் "முட்டுக்கட்டை போடுகிறான்" என்பது திட்டு.

பணகுடி, ராதாபுரம் பக்கம் ஒரு காற்றாலை சர்வீஸ் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்காற்று அடிக்கிற சீசன், ஒரு மெஷின் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். ஒருவர் "உடனே ஏறிருவோம்" என்பார். இன்னொரு மூத்தவர் "பெர்மிட் வந்துச்சா? பிரேக் லாக் ஆயிருக்கான்னு பார்த்தாச்சா? காத்து எவ்வளவு?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார். "என்ன அண்ணாச்சி, எப்பவும் முட்டுக்கட்டையே போடுதியளே" என்று இளையவருக்கு எரிச்சல். "இவன் ஒருநாள் ஆளைக் கொல்லப் போறான்" என்று மூத்தவருக்கு. இரண்டு பேரும் மற்றவரை வேண்டுமென்றே செய்கிறவராக நினைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் ஐந்து கோட்டுச் சோதனை எழுதி, முடிவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிதானமாக ஒரு மணி நேரம் பேசினால் என்ன நடக்கும் என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர். தாளில் இருக்கும் எண் அவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத் தராது. ஆனால் இதுவரை "உன் குணம் சரியில்லை" என்று மட்டுமே பேச முடிந்த ஒன்றை, "நமக்குள் இந்தக் கோட்டில் இவ்வளவு தூரம் இருக்கிறது" என்று பேச ஒரு மொழி கிடைக்கிறது. குற்றச்சாட்டு ஒரு தகவலாக மாறுகிறது. மூத்தவர், "எனக்குச் சரிபார்க்காமல் ஏறினால் ராத்திரி தூக்கம் வராது தம்பி, அதுக்காகத்தான் கேட்கேன்" என்று சொல்லலாம். இளையவர், "நின்னுக்கிட்டே இருந்தா எனக்குத் தலை வெடிக்கும் அண்ணாச்சி, லிஸ்ட்டை முன்னாடியே குடுத்துட்டா நானே பார்த்து முடிச்சிருவேன்" என்று சொல்லலாம். அடுத்த நாளில் இருந்து கேள்விகள் ஒரு பட்டியலாகக் காலையிலேயே போய்விடும், ஏறும் நேரத்தில் சண்டை இருக்காது. இதைச் செய்தது அந்தப் பேச்சு. பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு தேவைப்பட்டது, சோதனை அந்தச் சாக்கைக் கொடுத்தது.

ஆபீஸ் வேலையிலும் இதே கதைதான். ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினால்தான் யோசித்துப் பதில் சொல்ல வரும், இன்னொருவருக்குப் போனில் இரண்டு நிமிஷம் பேசினால் போதும், எழுதியதைப் படிக்கவே மாட்டார். பதற்றம் அதிகம் உள்ளவருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் "திங்கள்கிழமை உங்களிடம் பேசணும்" என்று மட்டும் செய்தி அனுப்பினால் இரண்டு நாள் சோறு இறங்காது, எதைப் பற்றி என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. இணக்கம் அதிகம் உள்ளவர் "சரி சார்" என்று சொன்னால் அது சம்மதமா மரியாதையா என்று இன்னொரு தடவை தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் உடனே பேச வராதவர்களுக்கு முந்தின நாளே விஷயத்தை அனுப்பி, மறுநாள் வயசில் சின்னவர்களை முதலில் பேசச் சொன்னால், பெரியவர் சொன்ன பிறகு மறுத்துப் பேச வேண்டிய சங்கடம் இருக்காது. இதில் பாதிக்குச் சோதனையே தேவையில்லை, ஒருவருக்கொருவர் கேட்டாலே போதும். ஆனால் கேட்க மாட்டோம், அதுதான் சிக்கல்.

சோதனை உங்கள் ஆபீஸுக்கு வந்தால்

எழுதுவதற்கு முன்பே மூன்று கேள்வி கேளுங்கள்: முடிவை யார் பார்ப்பார்கள், சம்பள உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் இதை எடுப்பார்களா, எழுத விருப்பமில்லை என்றால் என்ன. இதற்கு நேரான பதில் இல்லை என்றால் எல்லோரும் மேலாளருக்குப் பிடித்த பதிலைத்தான் எழுதுவார்கள், அந்த முடிவால் யாருக்கும் பயன் இல்லை. தமிழில் யோசிக்கிறவர்களுக்குக் கேள்வியைத் தமிழிலும் கொடுக்கச் சொல்லுங்கள். புரியாத சொல்லுக்கு எல்லோரும் நடுவில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போவார்கள்.

நீங்கள் நடத்துகிறவர் என்றால், முடிவை அவரவர் கையில் கொடுங்கள், எவ்வளவு வெளியே சொல்வது என்பது அவர் விருப்பம். பேசும்போது "நீ இப்படி" என்று யாரும் தொடங்கக்கூடாது, "எனக்கு இப்படிச் செய்தால் வசதி" என்றுதான் தொடங்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவு தனக்குப் பொருந்தவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரை நம்புங்கள், தாளை அல்ல. ஆறு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து, அன்றைக்கு ஒத்துக்கொண்ட விஷயங்களில் எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று பாருங்கள். மேஜையில் ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம்.

அந்த அக்கா இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார். அங்கே சேர்ந்த முதல் வாரமே "உங்களுக்கு எந்த மாதிரி வேலை பிடிக்கும், எது பிடிக்காது" என்று ஒருவர் வாய் திறந்து கேட்டாராம். வசூலுக்குப் போகிறேன் என்றிருக்கிறார். இப்போது அம்பாசமுத்திரம், தென்காசி பக்கத்து வாடிக்கையாளர்கள் எல்லாம் அவர் கையில்தான்.